மாதிரிக் கையொப்பம்

ஒரு கலைஞனின் புதிய படைப்பு ஏமாற்றமளிக்கிறது என்று விமர்சகன் எழுதுவது வழக்கமான காரியம். அதையே குற்றச்சாட்டாக்கி நஷ்டஈடு கேட்டது 1983இல் அமெரிக்காவில் நடந்தது. கெஃபன் ரெக்கார்ட்ஸ் கம்பெனி தன்னுடைய பாடகரான நீல் யங் மீது 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. அவர் கொடுத்த தட்டுகள் விலைபோகாதவை, அவருடைய முந்தைய இசையின் இயல்புக்குப் பொருந்தாதவை. அதாவது, நீல் யங் நீல் யங்காக இல்லை.

முந்தைய இசை என்று கம்பெனி எதைச் சொன்னது? 1972இல் 'ஹார்வெஸ்ட்' அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற தட்டு. அந்த வெற்றியிலிருந்து யங் வேண்டுமென்றே விலகினார். போதைக்குப் பலியான இரண்டு சகாக்களின் நினைவில் 1973இல் பதிவான 'டுநைட்ஸ் தி நைட்' 1975இல்தான் வெளிவந்தது. குரல் பிசிறுகிறது, சுருதி நழுவுகிறது. 'ஹார்வெஸ்ட்' ரசிகர்களுக்கு இதுவும் ஏமாற்றம்தான். இன்று அதை அவருடைய சாதனைகளில் ஒன்றாக மதிக்கிறார்கள். விலகுவதே அவர் இயல்பாக இருந்திருக்கிறது.

கெஃபனுக்கு அவர் கொடுத்த முதல் தட்டு 'டிரான்ஸ்' (1982). ஒன்பது பாட்டுகளில் ஆறில் அவர் குரல் வோகோடர் என்ற கருவிக்குள் போய் இயந்திரக் குரலாக வெளிவருகிறது. சொற்கள் பிடிபடுவதில்லை. மூளை வாதத்துடன் பிறந்து பேச இயலாதிருந்த தம் மகனோடு பேச முயன்றதே இந்த இசை என்று யங் பின்னால் விளக்கினார்.

பின்னால் கிடைத்த வாழ்க்கைத் தகவலை வைத்துப் படைப்பைத் தூக்கிப்பிடிப்பது சுலபமான விமர்சனம். அதை நான் ஒப்புவதில்லை. தகவல் தெரியாமலே கேட்டாலும் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டில் அந்த உச்சஸ்தாயி இயந்திரக் குரலுக்குள் ஒரு பரிவு இருக்கிறது. அது மெட்டிலேயே இருக்கிறது. மற்ற மூன்று சாதாரணப் பாட்டுகள் தட்டின் ஒருமையைக் குலைக்கின்றன என்பதும் உண்மை.

அடுத்து வந்தது 'எவ்ரிபடீஸ் ராக்கிங்' (1983). கம்பெனி ராக் அண்ட் ரோல் கேட்டது. யங் 1950களின் பாணியில் சுமார் 25 நிமிஷத் தட்டு ஒன்றைக் கொடுத்தார். இது பதிலடி, படைப்பு அல்ல. கோபம் நியாயமானது என்பதால் தட்டு நல்லதாகிவிடாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்ததுதான் அந்த வழக்கின் அபத்தம்.

நான் வேலை பார்க்கும் வங்கியில், காசோலையில் உள்ள கையெழுத்து மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். பணத்தைக் காக்க அது அவசியம். கம்பெனி கலைஞனிடம் எதிர்பார்த்ததும் அதுதான். விமர்சகர்களும் பல சமயங்களில் இந்தக் கௌண்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்: பழைய கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்களே தவிர, எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1988இல் யங் தம் பழைய கம்பெனியான ரிப்ரைஸுக்கே திரும்பினார். 1993இல் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சியில் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டை இயந்திரமில்லாமல் பாடினார். சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன, கேட்க இதமாகவும் இருக்கிறது. ஆனால் அதில் தகப்பனின் பேச்சு தடையில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1982இன் தட்டில் போய்ச் சேரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தட்டுதான்.