முகத்துக்கு ஆசிட்... வீட்டிலேயே தோல் உரிப்பு! அழகு ஆசை புண்ணில் முடியலாம்

முகம் பளிச்சென்று ஆக வேண்டும். பரு வந்த தழும்பு போக வேண்டும். கன்னத்தில் படர்ந்த மங்கு மறைய வேண்டும். யாருக்குத்தான் இந்த ஆசை இல்லை? ஆனால் இதற்கு டாக்டரிடமோ, பியூட்டி பார்லருக்கோ போனால் ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தக் காசுக்கு வீட்டு மளிகை முடிந்துவிடும். அதனால் 'நாமே வீட்டில் செய்துக்கலாம்' என்று பலர் இறங்கிவிடுகிறார்கள்.

சிலர் எலுமிச்சை, அன்னாசி என்று பழத்தோடு நிற்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், ஆன்லைனில் ஆசிட் பாட்டிலையே வாங்கிவிடுகிறார்கள். செல்போன் வீடியோவைப் பார்த்துக்கொண்டே தடவுகிறார்கள். எரிந்தால், 'எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வில்லங்கம் ஆரம்பிப்பது இங்கேதான்.

'கெமிக்கல் பீலிங்' என்பது பெரிய மர்மம் இல்லை. தோலின் மேல் அடுக்கில் செத்த செல்கள் இருக்கும். ஆசிட் தடவினால் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசை விட்டுப்போகும். மூன்று, நான்கு நாளில் தோல் உரியும். அடியில் இருந்து புதுத்தோல் வரும். மேலோட்டமாக உரிந்தால் லாபம். ஆழமாகப் போனால் அதற்குப் பெயர் தீப்புண். மருந்துக்கும் புண்ணுக்கும் நடுவே இருப்பது அளவும் நேரமும்தான். அந்த அளவைத் தெரிந்துகொள்ள வீட்டில் வழி இல்லை.

கொல்லிமலை அன்னாசி

பழம்தானே, அது என்ன செய்துவிடும் என்பார்கள். கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால், சாலையோரம் அன்னாசியை நறுக்கி, உப்பு, மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை அருவி பார்க்க வருகிற கூட்டத்துக்கு அதுதான் முதல் தீனி. இரண்டு துண்டு தின்றால் இனிப்பு. ஒரு தட்டு முழுக்கத் தின்றால் நாக்கு அரிக்கும், உதடு எரியும். சிலருக்கு நாக்கு புண்ணே ஆகிவிடும்.

இதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, பழத்தின் புளிப்பு. இரண்டு, கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். மூன்றாவதுதான் முக்கியம். அது 'புரோமலைன்' என்ற பொருள். புரதத்தை அரித்துக் கரைப்பதுதான் அதன் வேலை. கறி மெதுவாக வேக அன்னாசிச் சாறில் ஊற வைப்பது இதனால்தான். நம் தோலும் புரதம்தானே!

நாள் முழுக்க அன்னாசி வெட்டுகிற தொழிலாளிகளுக்கு விரல் நுனித் தோல் தேய்ந்து, கைரேகையே மழுங்கிப்போவது உண்டு. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுக்காமல் தொல்லை கொடுக்கும் காலம் இது. கைரேகையை அழிக்கும் சாறை முகத்தில் அரை மணி நேரம் ஊற விடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதே அன்னாசியை வைத்து மருத்துவ உலகம் ஒரு உருப்படியான காரியம் செய்திருக்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கருகிப்போன தோலை அகற்ற வேண்டும். கத்தியால் அறுத்து எடுப்பதற்குப் பதிலாக, அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த புரோமலைன் மருந்தைப் பூசி அதைக் கரைக்கிறார்கள். 'நெக்ஸோபிரிட்' என்ற அந்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2012-லும், அமெரிக்காவில் 2022-லும் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, 4 மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். ஒரே பொருள்தான். அங்கே அளவு தெரிந்து பூசுகிறார்கள். வீட்டில் மிக்சியில் அடித்த சாறில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காய்வெட்டாக இருந்தால் ஒரு வீரியம், கனிந்தால் ஒரு வீரியம்.

எலுமிச்சை இன்னும் மோசம்

புளிப்பை 'பி.எச்.' என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீர் 7. எண் குறையக் குறைய ஆசிட் கூடுதல். ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு கூடுதல். நம் தோலின் மேற்பரப்பு சுமார் 5. தயிர் நாலரை. அன்னாசி மூன்றரை. எலுமிச்சை சாறு 2 பக்கம். கணக்குப் போட்டால், தோல் பழகியிருக்கும் புளிப்பைப் போல எலுமிச்சை ஆயிரம் மடங்கு! தயிரும் கடலை மாவும் போட்ட பாட்டி முகம் தாங்கியது என்பதற்காக, எலுமிச்சையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இதோடு போகாது. எலுமிச்சையில், அதிலும் தோல் பகுதியில், 'ஃபுரோகூமரின்' என்ற பொருள் உண்டு. இது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். உடனே தெரியாது. ஒன்று, இரண்டு நாள் கழித்துச் சிவக்கும், கொப்புளம் போடும். பிறகு கரும்பழுப்புத் திட்டாக நிற்கும். மாதக்கணக்கில் போகாது. வெளிநாட்டு வீடியோவில் காட்டுவது பெரிய மஞ்சள் நிற எலுமிச்சை. நம்ம ஊர் சின்ன எலுமிச்சை வேறு இனம். இந்தப் பொருள் இதில்தான் அதிகம்.

மளிகைக் கடையில் விற்கும் 'எலுமிச்சை உப்பு' அதாவது சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்துப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஸ்பூனா, இரண்டு ஸ்பூனா என்பதில் முகத்தின் தலையெழுத்து மாறிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு சேதி. அதில் இருப்பது டாக்டர்கள் பூசும் சாலிசிலிக் ஆசிட் அல்ல. அதன் உறவுக்காரப் பொருள். முகத்தில் தேய்த்தால் அந்தப் பொடி தோலைக் கீறுவதுதான் மிச்சம்.

மலை வெயில் தெரியாமல் சுடும்

உரிந்த தோல் குழந்தைத் தோல் மாதிரி. வெயில் தாங்காது. கறுத்த, மாநிறத் தோலுக்கு எரிச்சல் ஏற்பட்டால் அந்த இடத்தில் கருமை தங்குவது வழக்கம். வெள்ளையாக ஆசைப்பட்டு ஆசிட் போட்டு, முன்பைவிடக் கருப்பாகிப் போகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரர்களின் தோலை வைத்து எழுதிய அளவு நமக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். தழும்பு தடித்து வளரும் 'கீலாய்டு' உடம்புக்காரர்களுக்குக் கூடுதல் ஆபத்து.

கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல் உயரம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக்கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். ஆனால் காற்று சிலுசிலுவென்று இருக்கும். பனிமூட்டம் இருக்கும். வெயில் இல்லையே என்று தோன்றும். மெல்லிய மேகத்தைத் தாண்டிப் பெரும்பகுதிக் கதிர் இறங்கிவிடும். மிளகுக் கொடியிலும் மரவள்ளிக் காட்டிலும் வேலை பார்ப்பவர் முகத்தை உரித்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்குள் இருக்க முடியுமா? கீழே சேலம், ராசிபுரத்தில் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். ஒரு நாள் கூலியை விட்டால்தானே நிழல்!

பாட்டில் ஆசிட்டுகள்

டாக்டர்கள் பயன்படுத்துபவை சில ஆசிட்டுகள்தான். கரும்பிலும் இருக்கும் கிளைகாலிக் ஆசிட். பால் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் ஆசிட். பருவுக்குப் போடும் சாலிசிலிக் ஆசிட். இவற்றைவிடக் கடுமையானது 'டி.சி.ஏ.' எனப்படும் டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட். ஜெர்மனி தோல் டாக்டர் உன்னா 1882-லேயே இவற்றில் சிலவற்றைப் பற்றி எழுதிவிட்டார். எனவே புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரத்தில் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளைகாலிக், லாக்டிக் ஆசிட் கலந்த கிரீம்கள் பற்றி அமெரிக்க அழகுசாதன ஆய்வுக் குழு 1998-ல் ஒரு வரம்பு சொன்னது. வீட்டில் பூசும் கிரீமில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, பி.எச். மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. பயிற்சி பெற்றவர் கையால் சிறிது நேரம் பூசிக் கழுவினால் 30 சதவீதம் வரை, பி.எச். 3-க்குக் குறையாமல். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டிலில் சதவீதம் மட்டும் போட்டு பி.எச். போடாவிட்டால், பாதித் தகவல்தான் கிடைத்திருக்கிறது.

ஆன்லைனில் இந்த வரம்பைத் தாண்டிய பாட்டில்கள் சர்வசாதாரணமாகக் கிடைத்தன. அதனால் 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இவற்றைப் பூச வேண்டாம், கெமிக்கல் பீலிங் பொருள் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று சொன்னது.

டி.சி.ஏ. பூசினால் முகம் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகும். தோலின் புரதம் உறைவதுதான் அந்த வெள்ளை. எந்த வெள்ளையில் நிறுத்துவது என்பது அனுபவப்பட்ட டாக்டரின் கண்ணுக்குத்தான் தெரியும். கிளைகாலிக் ஆசிட்டைச் சரியான நேரத்தில் கழுவி நிறுத்தலாம். டி.சி.ஏ. உள்ளே போனது போனதுதான். சாலிசிலிக் ஆசிட்டை முதுகு, மார்பு என்று நிறைய இடத்தில் பூசினால் ரத்தத்தில் கலந்து காது இரையும், தலை சுற்றும். கர்ப்பிணிகள் இந்த பீலிங் பக்கமே போகக் கூடாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட், பேட்டரி ஆசிட் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருவுக்கும் பச்சை குத்தியதை அழிக்கவும் அதைத் தொட்டு வைக்கும் துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி ஆசிட் விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் முகவரியை எழுதிவைக்க வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த உத்தரவு வந்தது ஆசிட் வீச்சைத் தடுக்க. தனக்குத்தானே பூசிக்கொள்கிறவரை எந்தக் கோர்ட்டு தடுக்கும்?

சுண்ணாம்பு, சேங்கொட்டை, முந்திரி

ஆசிட் இல்லாமலேயே தோலைப் பொசுக்கும் பழைய வழிகள் கிராமத்தில் உண்டு. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து மரு மேல் வைப்பார்கள். இது ஆசிட்டுக்கு நேர் எதிரான காரம். ஆசிட்டைவிட ஆழமாகத் தோலுக்குள் இறங்கும். மரு விழும். கூடவே குழியும் விழும்.

சலவைத் தொழிலாளர்கள் துணியில் அடையாளம் போடும் சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்தது முந்திரி. கொட்டை ஓட்டின் எண்ணெய் படாமல் இருக்க முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வார்கள். ஆனால் 18-ம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள், வெயிலில் கறுத்த முகத்தை உரிக்க அந்த முந்திரி எண்ணெயையே பூசிக்கொண்டார்கள். முகம் வீங்கி, உரிந்து, பல நாள் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடப்பார்களாம். அழகு ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல!

எந்தத் திட்டுக்கு எது?

பீலிங் செய்ய நினைக்கும் பலருக்கு அது தேவையே இல்லை. தேமல் என்பது பூஞ்சையால் வருவது. அதற்கு பூஞ்சைக்கான மருந்து போதும். படையும் அப்படித்தான். ஆசிட் போட்டால் புண்தான் ஆகும். மங்கு, கர்ப்ப காலத்திலும் வெயிலாலும் வருவது. உரித்தாலும் வெயிலில் நின்றால் திரும்ப வரும். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். அதன்மேல் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு மாதங்களை ஓட்டினால் நரம்பு போய்விடும்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டினால் அது என்ன திட்டு என்றாவது தெரிந்துவிடும்.

பட்டுவிட்டால்...

ஆசிட் பட்டு எரிந்தால் முதல் வேலை தண்ணீர். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். குடத்துத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் விடாமல் ஊற்ற வேண்டும். ஆசிட் பட்ட துணி, நகையைக் கழற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். 'ஆசிட்டுக்கு சோடா மாத்து' என்று சமையல் சோடாவைக் கொட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பலாம். பேஸ்ட், மஞ்சள், மை, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. 108-க்குப் போன் செய்யலாம். ஆனால் கழுவாமல் வண்டிக்காகக் காத்திருந்தால், அந்த நேரம் முழுக்க ஆசிட் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் கழுவல், பிறகு வண்டி. பூசிய பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போக வேண்டும். என்ன ஆசிட், எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் முகத்தில் இருந்தது என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.