கொழும்பு மாநகரின் திறந்தவெளிகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களையே சான்றாகக் கொள்வர். கோட்டைகள், கோயில்கள், மாளிகைகள், பண்டகசாலைகள் என்பன கல்லிலும் சுண்ணத்திலும் தத்தம் காலத்தைப் பதித்து வைத்துள்ளமையால் இஃது இயல்பானதே. ஆயின், கட்டடம் எழாது விடப்பட்ட நிலமும் வரலாற்றுச் சான்றே ஆகும். சன நெருக்கமும் நிலமதிப்பும் மிக்க ஒரு துறைமுக நகரில் ஒரு துண்டு நிலம் வெறுமையாக இருக்கின்றதெனின், அதனை அவ்வாறு வைத்திருக்க எவரோ விரும்பினர் என்பதும், அவ்விருப்பத்தை நிறைவேற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது என்பதும் தெளிவு. கொழும்பு மாநகரின் காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, கோடன் பூங்கா ஆகிய மூன்று வெளிகளையும் இவ்வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வெளிகளின் நிலம் தொடக்கத்தில் நகர மக்களுக்கென ஒதுக்கப்பட்டதன்று; மக்கள் தமது பயன்பாட்டினாலேயே இவற்றைப் பொதுவெளிகளாக்கினர்; அவ்வாறு பெற்ற உரிமையும் என்றும் உறுதியாக இருந்ததில்லை. இதுவே நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து.

பீரங்கிக்காக விடப்பட்ட வெளி

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அமைத்த கொழும்புக் கோட்டையை 1656ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். மேற்கே கடலும், மறுபுறம் பேர வாவியும் அக்கோட்டைக்கு அரணாயின. இன்று நகரின் அழகுகளுள் ஒன்றாகக் கருதப்படும் அவ்வாவி கோட்டையின் பாதுகாப்புக்கென நீரைத் தேக்கி உருவாக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கோட்டையின் தென்புறத்தே, காலிக்குச் செல்லும் பாதையை நோக்கிய பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதி இருந்தது. தெற்கிலிருந்து தரைவழியாக வரும் பகைவர் அதனூடாகவே வரவேண்டும். எனவே, பீரங்கிக் குண்டுகளின் பாதையை மறைக்கும் மரமோ, வீடோ, பகைவர் பதுங்குவதற்கான மறைவோ இன்றி அந்நிலம் வெட்டவெளியாகப் பேணப்பட்டது. இதுவே காலிமுகத்திடலின் தோற்றம்.

1796இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. 1815இல் கண்டி இராச்சியமும் வீழ்ந்தபின், தரைவழித் தாக்குதல் பற்றிய அச்சம் குறைந்தது. போருக்காக விடப்பட்ட வெளி பொழுதுபோக்குக்குரியதாயிற்று. ஐரோப்பிய அலுவலரும் வணிகரும் அங்குக் குதிரைப் பந்தயம் நடாத்தினர். பின்னர் கொல்ப் விளையாட்டும் அங்கே இடம்பெற்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில், 1856இல் தொடங்கிய கடலோர நடைபாதை 1859இல் நிறைவெய்தியது. கொழும்பிலுள்ள சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன்கருதி அதனைப் பேணுமாறு தம் பின்வரும் தேசாதிபதிகளை அவர் வேண்டிக்கொண்ட செய்தியைத் தாங்கிய நினைவுக்கல் அங்கு நாட்டப்பட்டது. அவர் கருதிய சீமாட்டிகளுள் கொம்பனித்தெருவிலும் புறக்கோட்டையிலும் வாழ்ந்த பெண்கள் அடங்கியிருந்தனர் என்று கொள்வதற்கில்லை. எனினும் ஒரு பொதுவெளியைப் பேணுதல் ஆட்சியாளரின் கடமை என்னும் எண்ணம் கல்லிற் பொறிக்கப்பட்டமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

1870ஆம் ஆண்டையொட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. மதில் மறைந்தபின்னும் மதிலுக்காக விடப்பட்ட வெளி நிலைத்தது. 1893இல் குதிரைப் பந்தயம் கறுவாத்தோட்டத்திற்கும், 1896இல் கொல்ப் விளையாட்டு பொரளைப் பகுதிக்கும் பெயர்ந்தன. உயர்குழாத்தினர் நகரின் உட்பகுதியில் தமக்கென விசாலமான வேறிடங்களைத் தேடிக்கொண்டமையே இத்திடல் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு வழிவகுத்தது எனக் கருத இடமுண்டு. மாலை வேளைகளில் பட்டம் விடும் சிறுவரும், கடற்காற்று வாங்கவரும் குடும்பத்தினரும், கடலை, வடை விற்போரும் எவருடைய ஆணையுமின்றி அந்நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர்.

கறுவாவிலிருந்து பூங்காவரை

விகாரமகாதேவி பூங்காவின் வரலாறு வேறொரு வழியிற் சென்று இதே இடத்தை அடைகின்றது. ஒல்லாந்தரின் இலங்கை வணிகத்திற் கறுவாவே தலையாயது. நெடுங்காலம் அது காடுகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களிலிருந்தே உரிக்கப்பட்டது. அக்கடும்பணி சலாகம சாதியினர்மீது கட்டாயச் சேவையாகச் சுமத்தப்பட்டிருந்தது. தேசாதிபதி பால்க் 1765 முதல் 1785 வரை ஆட்சிபுரிந்த காலத்தில், கறுவாவைத் தோட்டப்பயிராக்கும் முயற்சி கொழும்பின் புறத்தே, மருதானைப் பகுதியில், மேற்கொள்ளப்பட்டது. கறுவாத்தோட்டம் என்னும் பெயர் அம்முயற்சியின் எச்சமாகும். கோல்புறூக் விசாரணையின் பயனாக 1833இல் அரசின் கறுவாத் தனியுரிமை ஒழிந்தது. கோப்பி முதன்மை பெற்ற பின்னர், நகரையடுத்த கறுவா நிலம் படிப்படியாகச் செல்வர்தம் மாளிகைகளுக்குரிய நிலமாயிற்று.

இப்பகுதியிற் பூங்காவிற்கான நிலத்தை நகருக்கு வழங்கியவர் பெருஞ்செல்வரான சாள்ஸ் ஹென்றி டி சொய்சா ஆவார். தொடக்கத்தில் வட்டப் பூங்கா என வழங்கிய அது, 1897ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி விக்டோரியா பூங்கா எனப் பெயர் பெற்றது. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையும், 1928இல் நிறைவெய்திய மாநகரசபை மண்டபமும் அதன் அயலிலே அமைந்தன. இரண்டாம் உலக யுத்தகாலத்திற் பூங்கா படையினரின் உறைவிடமாக மாறியது. யுத்தம் முடிந்தபின் சீர்செய்யப்பட்டு, 1951இல் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1950களில் அது விகாரமகாதேவி பூங்கா எனப் பெயர்மாற்றம் பெற்றது. அந்நிய ஆட்சியின் அடையாளத்தை அகற்றுதல் சுதந்திரம் பெற்ற எந்நாட்டிலும் நிகழ்வதே. ஆயின், அகற்றப்பட்ட ராணியின் இடத்தில் வைக்கப்பட்டவர் துட்டகைமுனுவின் தாயார். எல்லாளனை வென்ற மன்னனாக மகாவமிசம் போற்றும் துட்டகைமுனு, இன உணர்வு மேலோங்கிய அக்காலகட்டத்தில் எத்தகைய குறியீடாகக் கொள்ளப்பட்டான் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. பல்லின மக்களின் வரிப்பணத்திற் பேணப்படும் ஒரு பூங்கா, தன் பெயராற் சிலரை அரவணைத்தும் சிலரை எட்ட நிறுத்தியும் வைக்கக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். அதே பூங்காவின் ஓரமாகச் செல்லும், கிறீன் பாத் எனப்பட்ட பாதைக்கு, உலகறிந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் சூட்டப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. அப்பாதையின் ஓரத்தில் ஓவியர்கள் தம் படைப்புக்களை விரித்து விற்றுவருதல், பெயருக்கும் பயன்பாட்டிற்கும் இடையே தற்செயலாக அமைந்த ஓர் அழகிய பொருத்தமாகும்.

திறந்து மூடப்பட்ட பூங்கா

கோட்டைப் பகுதியிலுள்ள கோடன் பூங்கா, தேசாதிபதி சேர் ஆதர் கோடன் காலத்தில், விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக உருவாக்கப்பட்டு, 1889இல் திறக்கப்பட்டது. அலுவலகங்களும் வணிகநிலையங்களும் செறிந்த கோட்டையில் அது மரநிழல் தரும் வெளியாக விளங்கியது. 1980ஆம் ஆண்டில் அது சனாதிபதி மாளிகை வளவுடன் சேர்க்கப்பட்டுப் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. குடியேற்ற ஆட்சியாளர் திறந்த வாயிலைச் சுதந்திர நாட்டின் ஆட்சியாளர் அடைத்தனர் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. ஒரு பொதுவெளியை இழப்பதற்கு அது கட்டடமாக மாறவேண்டியதில்லை. ஒரு கதவும் ஒரு காவலாளியும் போதும் என்பதைக் கோடன் பூங்கா உணர்த்துகின்றது.

இச்சந்தர்ப்பத்தில், 1921ஆம் ஆண்டில் கொழும்பின் நகரமைப்புப் பற்றி அறிக்கை சமர்ப்பித்த பற்றிக் கெடிசை நினைவுகூர்தல் பொருந்தும். நகரமைப்பு என்பது பழையனவற்றைப் பரக்க இடித்தொழிப்பதன்று. மக்கள் வாழும் இடங்களிலேயே சிறு வெளிகளையும் தோட்டங்களையும் உண்டாக்கிச் சீர்திருத்துவதே அதன் பணி என்பது அவ்வறிஞரின் பொதுவான கொள்கை. கிழக்கின் பூங்கா நகரம் என்னும் புகழுரை கொழும்பிற்கு வழங்கிவந்துள்ளது. ஆயின் அப்புகழுரை கறுவாத்தோட்டத்தின் நிழல்மரச் சாலைகளுக்குப் பொருந்திய அளவிற்கு, கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளரின் தோட்டக் குடியிருப்புக்களுக்கு என்றும் பொருந்தியதில்லை. ‘தோட்டம்’ என்னும் ஒரே சொல் கொழும்பில் ஒருபுறம் செல்வர் வாழிடத்தையும், மறுபுறம் ஏழையரின் வரிசைக் குடில்களையும் குறித்து நிற்பது நகரின் சமூக வரலாற்றையே சுருக்கி உரைப்பதாகும்.

மக்கள் கூடிய வெளி

பொதுவெளி உலாவுதற்கு மட்டும் உரியதன்று. கூடுதற்கும் குரலெழுப்புதற்கும் உரியது. 1930இல் சட்டசபைக்கெனத் திறக்கப்பட்ட கட்டடம் காலிமுகத்திடலின் வட எல்லையில் எழுந்தது. சுதந்திரத்தின் பின் அதுவே பாராளுமன்றமாயிற்று. ஆட்சிபீடத்தின் வாயிலில் ஒரு திறந்தவெளி அமைந்தமையால், திடல் அரசியற் களமாக மாறுதல் தவிர்க்க முடியாததாயிற்று.

1956ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் திகதி, தனிச்சிங்கள மசோதா பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிற் தமிழரசுக் கட்சியினர் அத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அமைதியாக அமர்ந்திருந்தோர்மீது கும்பல்கள் பாய்ந்து தாக்கின. வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக அவ்வாண்டிலேயே தெரிவான அ. அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் சபைக்குட் சென்றமை வரலாற்றிற் பதிந்த காட்சியாகும். வன்செயல் நகரின் பிற பகுதிகளுக்கும் கல்லோயாவிற்கும் பரவியது. எல்லோருக்கும் திறந்ததாகத் தோன்றிய புற்றரை, தமிழராக அமர்ந்து ஒரு கோரிக்கையை முன்வைத்தோர்க்குத் திறந்ததாக இருக்கவில்லை. தாக்கப்பட்டவர்களும் திடலுக்குரிய குடிமக்களே என்பதை அரசு அன்று தன் செயலால் உறுதிப்படுத்தத் தவறியது.

அறுபத்தாறு ஆண்டுகளின் பின் அதே இடம் மற்றொரு நிகழ்ச்சிக்குக் களமாயிற்று. பாராளுமன்றம் 1982இற் கோட்டைக்கு, அதாவது சிறீ ஜயவர்தனபுரத்திற்கு, இடம்பெயர்ந்தபின் பழைய கட்டடம் சனாதிபதி செயலகமாயிற்று. எரிபொருளும் மின்சாரமும் அரிதாகிய பொருளாதார நெருக்கடியில், 2022 ஏப்பிரல் 9ஆம் திகதி தொடங்கிப் பல்லாயிரவர் அதன் முன்றலிற் கூடினர். கூடாரங்களும் சமையற்கூடமும் நூலகமும் அங்கு எழுந்தன. மே 9ஆம் திகதி அரச ஆதரவாளர் அவர்களைத் தாக்கினர். யூலை 14ஆம் திகதி சனாதிபதி பதவி விலகினார்; யூலை 22ஆம் திகதி அதிகாலையில் படையினர் செயலக முன்றலிலிருந்தோரை வலிந்து அகற்றினர். இவற்றிடையே மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவாக, திடலிற் கஞ்சி காய்ச்சிப் பகிரப்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் நின்றனர். 1956இன் வடு இதனால் ஆறிவிட்டது எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும், தமிழர் அமர்ந்தமைக்காகத் தாக்கப்பட்ட மண்ணில் தமிழரின் துயருக்கு ஓர் இடம் கிடைத்தது என்பதை வரலாற்று மாணவர் பதிவுசெய்தல் வேண்டும். அவ்விடத்தை வழங்கியது அரசன்று. அங்குக் கூடியிருந்த மக்களே.

முடிவுரை

இன்றைய நிலை இருமுகம் கொண்டது. 2010இன் பின் நகர அபிவிருத்தி பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிலிருந்த காலத்தில், நடைபாதைகளும் பூங்காக்களும் புதுப்பொலிவு பெற்றன; அதே காலத்தில், 2010 மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிற் குடியிருந்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டன. நகர் அழகுபெறுதலும் ஏழையர் இடம்பெயர்தலும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாயின. காலிமுகத்திடலை அண்மித்த கடலில் 2014இல் தொடங்கி 2019இல் நிறைவெய்திய நிலநிரப்பினால் 269 ஹெக்டேயர் புதுநிலம் தோன்றியது. ஏறத்தாழ 5 ஹெக்டேயரான திடலின் ஐம்பது மடங்கிற்கும் மேற்பட்ட நிலம் அது. மறுபுறம், நகரின் சதுப்புநிலங்களின் மதிப்பு உணரப்பட்டு, 2018இல் கொழும்பு றாம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. மழைவெள்ளத்தைத் தாங்கி நகரைக் காக்கும் அச்சதுப்புக்கள், பயனற்ற வெறுநிலம் என்று எதுவும் இல்லை என்பதை எமக்குக் கற்பிக்கின்றன.

பீரங்கிக்கும் கறுவாவிற்கும் மகாராணியின் புகழுக்கும் உரியனவாக இருந்த நிலங்கள் காலப்போக்கிற் குழந்தைகளுக்கும் தொழிலாளருக்கும் உரியனவாயின. அம்மாற்றத்தை எந்த ஆணையும் முழுமையாக உண்டாக்கியதில்லை. நாள்தோறும் அங்குச் சென்று அமர்ந்தோரின் கால்களே உண்டாக்கின. ஆகவே, ஒரு திறந்தவெளியின் திறப்பை அதன் பரப்பாலும் பூக்களாலும் அளத்தல் போதாது. நகரின் மிகச்சிறுபான்மையோரும் மிக வறியோரும் தம் மொழியிற் பேசியவாறு, அச்சமின்றி அங்கு அமரக்கூடுமா என்பதே உரிய அளவுகோல். கொழும்பின் பூங்காக்களை அவ்வளவுகோலால் அளந்து பார்க்கும் பணி இனிவரும் ஆய்வாளரை எதிர்நோக்கி நிற்கின்றது.