பேரிங்கும் ஒரு கோப்பும்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'பீய்' என்ற சொல் நினைவிருக்கும். கோலிகுண்டுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஆசிரியர் அதை உச்சரித்ததும் பின்வரிசை குலுங்கிச் சிரிக்கும். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பால் பேரிங்குக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'ருல்மான் அ பீய்', அதாவது கோலிகளின் மேல் உருள்வது. பெயரிலேயே வேலை அடங்கிவிட்டது.

நம் கட்டைவண்டியில் கோலியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருசும் குடமும் நேராக ஒன்றோடொன்று உரசும். வண்டி மை போட்டு ஓட்டுவோம். மை காய்ந்தால் தெருக்கோடியிலேயே சத்தம் கேட்கும். மாட்டின் வேகத்துக்கு அது போதும்.

வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைத்து 1794இல் காப்புரிமை பெற்றவர் பிலிப் வாகன் என்ற வேல்ஸ் நாட்டு இரும்பு ஆலைக்காரர். 1869இல் பாரிஸ் நகரத்து சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுரிரே தம் காப்புரிமையைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் போட்டியில் ஜேம்ஸ் மூர் வென்றது அவருடைய பேரிங் பொருத்திய வண்டியில்தான். குண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் பாரம் சமமாக இறங்கும். அப்படி அரைத்துக் கொடுக்கும் இயந்திரத்தை 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் செய்தார். அந்த ஊர் பேரிங் ஊராகவே ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபர் 14 அன்று, அமெரிக்கர்கள் 291 பி-17 விமானங்களை அனுப்பி அந்த ஆலைகளைத் தாக்கினார்கள். 60 விமானங்கள் வீழ்ந்தன. கோலிகுண்டுக்கு இவ்வளவு விலை!

லாரிக்காரர்கள் கும்பிட வேண்டியவர் ஹென்றி டிம்கன். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்தவர். பாரம் ஏற்றிய வண்டி நேராகப் போகும்போது எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்தும். திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். சாதாரணக் குண்டோ நேரான உருளையோ இரண்டையும் சேர்த்து நெடுநாள் தாங்காது. டிம்கன் உருளையை ஒரு பக்கம் கூராக்கிச் சாய்த்து வைத்தார். அதற்கு 1898இல் காப்புரிமை கிடைத்தது. உருளைகள் உள்ளே இருக்கும் பாகம் 'கோன்'. அது அமர்ந்து சுற்றும் வெளி வளையம் 'கப்'. இந்த இரண்டு சொற்களையும் மறக்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களிடம் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. அதன் இடது முன்சக்கரத்துக்கு பேரிங் செட் கேட்டு ஒரு கோப்பு வந்தது. எட்டு மாதத்துக்கு முன் இதே சக்கரத்துக்கு வாங்கியிருக்கிறார்களே என்று நான் ஆட்சேபக் குறிப்பு எழுதித் திருப்பினேன். நேர்மையான குமாஸ்தா என்ற நினைப்பு. கோப்பு மூன்று வாரம் சுற்றியது. லாரியும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காலை திண்டிவனம் சாலையில் பேரிங் இறுகிச் சக்கரம் கழன்றது. வண்டி பள்ளத்தில் சாய்ந்ததில் கிளீனர் பையனின் கால் முறிந்தது. பதினெட்டு வயதுகூட இருக்காது.

மறுநாள் மெக்கானிக் பெரியவர் செய்தித்தாளில் சுற்றி எதையோ கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். சூட்டில் நீலம் பாரித்த உருளைகள்.

"சார், கோபப்படாதீங்க. இந்தக் கப்பைத் தடவிப் பாருங்க" என்றார்.

தடவினேன். அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது.

"பழைய கப்பு சார். போன தடவை கோன் மட்டும்தான் வந்துச்சு. குழி விழுந்த கப்புல புதுக் கோனைப் போட்டா எத்தனை நாளுக்குத் தாங்கும்? கிரீஸை அள்ளி வச்சாலும் நிக்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன்."

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் இரண்டும்தான் கேட்டிருந்தார். 'வெளி வளையம் தேய்ந்ததாகத் தெரியவில்லை, தவிர்க்கலாம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை நான் நன்றாக அறிவேன். பச்சை மைக்காரர் அதன் கீழே ஒப்பம் இட்டிருந்தார், அவ்வளவுதான். நான் அந்த வளையத்தைப் பார்த்ததே இல்லை.

பெரியவரிடம் கோப்பைக் காட்டவில்லை. புது செட்டுக்கு அன்றே குறிப்பு எழுதி, நானே கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பம் வாங்கினேன். கிளீனருக்கு உதவித்தொகை கேட்டும் ஒரு குறிப்பு வைத்தேன். கிடைத்தது, குறைவாக.

அவன் பிறகு வேறு வேலைக்கு மாறினான். லேசாகக் காலை இழுத்து நடப்பான். நேரு வீதியில் எங்காவது எதிர்ப்பட்டால், "உதவித்தொகை வாங்கிக் கொடுத்த சார்" என்று கூட வருபவர்களிடம் என்னை அறிமுகம் செய்வான். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.