வள்ளி என்னும் பெயர்: கொடி, கிழங்கு, குறமகள்

இயற்கையிலிருந்து எடுத்து மக்களுக்கு இடப்பட்ட தமிழ்ப் பெயர்களுள் பெரும்பான்மையானவை பூவைச் சார்ந்தவை. தாமரை, அல்லி, முல்லை, செண்பகம், மல்லிகை என விரியும் அந்த வரிசையில் கண்ணுக்கு அழகும் மூக்குக்கு மணமும் தருவனவே இடம்பெற்றுள்ளன. வள்ளி என்னும் பெயரோ மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும் ஒரு மலைக்கொடியிலிருந்து பிறந்து, குறிஞ்சி நிலத்தாரின் உணவோடும் ஆடலோடும் வழிபாட்டோடும் ஒட்டி வளர்ந்து, பின்னர்த் தமிழ் பேசும் நாடெங்கும் பெண்பாற் பெயராகவும் ஆண்பாற் பெயர்களின் முன்னொட்டாகவும் பரவியது. காவியத் தலைவியரின் பெயர்களும் அரசியரின் பெயர்களும் அடையாத பரவலைத் தினைப்புனம் காத்த ஒரு பெண்ணின் பெயர் அடைந்தது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுவது.

வள்ளி என்பது முதற்கண் கொடிக்குப் பொதுப்பெயர். சிறப்பாக, தாவரவியலார் டயாஸ்கோரியா என்னும் இனத்துள் அடக்கும் கிழங்குக் கொடிகளைக் குறிப்பது. பெருவள்ளி, சிறுவள்ளி, காட்டுவள்ளி என வழங்குபவை இவ்வினத்தைச் சார்ந்தவை. மழைக்காலத்தில் தளிர்த்து அண்டையிலுள்ள மரத்தைச் சுற்றி ஏறும் இக்கொடி, மழை ஓய்ந்து நிலம் உலரும் காலத்தில் மேலே முற்றும் காய்ந்து போக, கிழங்கு மட்டும் மண்ணுள் உயிரோடு தங்கி அடுத்த மழைக்கு மீண்டும் முளை விடும். இன்று வள்ளிக்கிழங்கு என்றவுடன் பலர் நினைவுக்கு வருகின்ற சர்க்கரைவள்ளியும், சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசிக்கு மூலப்பொருளாகும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்த பிற்காலப் பயிர்கள். அவற்றுக்கும் பழைய வள்ளிக்கும் தாவர உறவு ஏதும் இல்லை. புதிதாக வந்த கிழங்குகளுக்கு மக்கள் பழைய பெயரையே அடையோடு சேர்த்துச் சூட்டினர் என்பது, வள்ளி என்ற சொல் உணவுக்கிழங்கு என்னும் பொருளில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று.

அந்த ஆழத்தைப் புறநானூற்றின் 109-ஆம் பாட்டு காட்டும். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு மலையின் வளத்தைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கு என்று எண்ணி, மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கையும் சேர்க்கிறார். கோட்டைக்குள் அடைபட்ட மக்களைப் பட்டினியால் பணியவைக்க இயலாது என்று பகைவருக்கு அறிவிக்கும் பாட்டு அது. ஆகவே வள்ளி அங்கே அழகுப்பொருளாக வரவில்லை. ஒரு மலைநாட்டைத் தாங்கும் உணவாக வருகிறது. ஒரு பெண்மகவுக்கு இக்கொடியின் பெயரை இட்ட பழங்குடியினர் மென்மையையும் துவட்சியையும் மட்டுமே எண்ணியிருப்பர் என்று கொள்வது, கிழங்கை மறந்து கொடியை மட்டும் பார்க்கும் பிற்காலப் புலவர் நோக்காகும்.

தொல்காப்பியப் புறத்திணையியலில் இச்சொல் இருமுறை வருகின்றது. ஓரிடத்தில் அது ஒரு கூத்தின் பெயர். கொடியும் வள்ளி, கூத்தும் வள்ளி என்றால் மயக்கம் நேரும். ஆகையால் கூத்தை ‘வாடா வள்ளி’ என்று அடைகொடுத்து நூல் பிரித்துரைக்கிறது. வாடுவது கொடி, வாடாதது கூத்து என்னும் இவ்வழக்கு, ஆண்டுதோறும் காய்ந்து மறையும் கொடியின் இயல்பைக் கண்ணால் கண்டவர்களிடமே தோன்றியிருக்கக் கூடியது. மற்றோரிடத்தில் கொடிநிலை, கந்தழி, வள்ளி என்னும் மூன்றும் கடவுள் வாழ்த்தோடு ஒத்து வருவன எனப்படுகின்றன. இங்கு வள்ளி என்பதை நச்சினார்க்கினியர் திங்கள் என்று கொள்ள, அவருக்கு முற்பட்ட இளம்பூரணர் முருக வழிபாட்டோடு இயைத்துப் பொருள் கூறுகிறார். குறிஞ்சிக் கூத்தும் முருக வழிபாடும் வேலன் வெறியாட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த சூழலை நோக்க, இளம்பூரணர் கொண்டதே பொருத்தமாகப் படுகிறது. திங்கள் என்னும் பொருளுக்கு அத்தகைய வலுவான பின்னணி இல்லை.

கொடியும் கூத்துமாக இருந்த வள்ளி, ஒரு பெண்ணின் பெயராகத் தெளிவுற வருவதை நற்றிணை 82-இல் காணலாம். அம்மூவனார் பாடிய அப்பாட்டில், தலைவன் தன் காதலியை முருகனோடு கூடிச் சென்ற வள்ளிக்கு ஒப்பிடுகிறான். விளக்கம் ஏதும் தராமல் உவமையாக மட்டும் சொல்லிச் செல்வதால், கேட்போர் அனைவரும் அறிந்த கதையாக அது அப்போதே இருந்தது என்பது விளங்கும். திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களும் ஆறு தொழில்களுக்கு உரியனவாகப் பகுக்கப்படும்போது, ஒரு முகம் முழுவதும் குறமகள் வள்ளியோடு மகிழ்ந்திருப்பதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. அவ்விடத்தில் அவள் இடையைக் கொடிக்கு ஒப்பிடும் நக்கீரர் பெயரின் மூலத்தையும் குறிப்பால் உணர்த்திவிடுகிறார். பரிபாடலின் 9-ஆம் பாடலில் குன்றம்பூதனார், இந்திரன் மகளுக்கும் வள்ளிக்கும் நேர்ந்த ஊடலைப் பாடி, பெற்றோர் கொடுக்கக் கொள்ளும் மணத்தினும் காதலர் தாமே கூடும் களவு மணமே சிறந்தது என்று வாதிடுகிறார். தமிழ் அகப்பொருள் மரபுக்கே வள்ளி சான்றாக நிறுத்தப்படும் இடம் அது. பிற்காலச் சைவ விளக்கத்தில் வள்ளி இச்சா சக்தியாகவும் தெய்வயானை கிரியா சக்தியாகவும் கொள்ளப்பட்டதற்கு வேறொரு தத்துவப் பின்னணி உண்டு. எனினும் விருப்பத்தின் வடிவாக வள்ளியைக் காணும் எண்ணம் பரிபாடலிலேயே அரும்பிவிட்டது எனலாம்.

பெயர்க்காரணத்தை வெளிப்படையாகக் கதையாக்கியவர் காஞ்சிபுரம் குமரகோட்டத்தோடு தொடர்புடைய கச்சியப்ப சிவாசாரியார். அவருடைய கந்தபுராணத்தில், மானின் வயிற்றில் பிறந்த பெண்மகவு, குறத்தியர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடக்க, அதனைக் கண்டெடுத்த வேடர் தலைவன் நம்பி தன் மகளாக வளர்க்கிறான். வள்ளிக்குழியில் கிடைத்ததனால் வள்ளி என்று பெயரிடப்படுகிறாள். இதே புராணம் முற்பிறவியில் அவளுக்குச் சுந்தரவல்லி என்றும் தெய்வயானைக்கு அமுதவல்லி என்றும் பெயர் கூறி, இருவரையும் திருமாலின் மகளிராக்குகிறது. தெய்வப் பிறவியில் வல்லி, குறக்குடியில் வள்ளி என்ற இவ்வமைப்பு தற்செயலாக அமைந்ததோ, புலவர் கருதிச் செய்ததோ, இரு மரபுகள் ஒரு கதைக்குள் இணக்கம் காண்பதை அது நன்கு காட்டுகிறது.

லகர வல்லியும் ளகர வள்ளியும் வழக்கில் கலந்துவிட்ட போதிலும் வேறு பிரித்தறியத் தக்கவை. வல்லி என்பது வடமொழியிலும் கொடியைக் குறிப்பது. உபநிடதப் பகுதிகளுக்கு ஆனந்தவல்லி, பிருகுவல்லி என்று பெயர் அமைந்ததும் அதனால்தான். உறையூர்க் கமலவல்லி, குடந்தைக் கோமளவல்லி, திருவள்ளூர்க் கனகவல்லி எனத் திருமால் கோயில் தாயார்களின் பெயர்களில் ஈறாக நிற்பது இந்த வல்லியே. திராவிடச் சொல்லே வடமொழிக்குள் புகுந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பெயரிடும் முறையை மட்டும் நோக்கினால் வேறுபாடு தெளிவானது: வல்லி பிற சொல்லின் பின் ஒட்டி அழகு செய்யும், வள்ளி தனித்தே நிற்கும், அல்லது முன்னின்று பிற சொல்லைத் தாங்கும்.

வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிமயில், வள்ளிக்கண்ணு என்பன அவ்வாறு முன்னின்று அமைந்த பெண்பாற் பெயர்கள். இவற்றினும் குறிப்பிடத்தக்கன வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமணாளன் என்னும் ஆண்பாற் பெயர்கள். இறைவனைத் தேவியின் பெயரால் சுட்டி, அதனை ஆண்மகவுக்கு இடும் வழக்கம் சைவத்தில் உமாபதி முதலாகக் காணப்படுவதே. ஆயினும் தெய்வயானையைக் கொண்டு இவ்வளவு ஆண்பெயர்கள் எழவில்லை. நகரத்தாரிடையே வள்ளியப்பன், வள்ளியம்மை ஆகியன தலைமுறை தோறும் மீண்டு வரும் பெயர்கள். பேரன் பேத்திக்கு முன்னோர் பெயரை இடும் மரபு அவற்றை அழியாமல் காத்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) அம்மரபில் வந்தவர். கடல் கடந்து சென்ற தமிழரிடையேயும் இப்பெயர் நிலைத்தமைக்குத் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரியில் இளவயதிலேயே மறைந்த தில்லையாடி வள்ளியம்மை சான்று. பின்னர் அந்தப் பெயரைத் தாங்கிய பெண்களுள் பலருக்கு மூலம் முருகன் தேவியோ சத்தியாக்கிரகியோ என்று பிரித்தறிவது எளிதன்று.

ஊர்களும் மலைகளும் பெயரைத் தாங்கியுள்ளன. வேலூர்ப் பகுதியிலுள்ள வள்ளிமலை அவள் வளர்ந்த இடமாகப் போற்றப்படுகிறது. அதே மலையில் சமணச் சிற்பங்களும் கங்க மன்னர் காலக் கல்வெட்டும் இருப்பதால், வரலாற்று ஆய்வாளருக்கும் அது வேண்டிய இடம். இலங்கையின் கதிர்காமத்தில் கதை வேறு நிலத்தில் வேர்விட்டுள்ளது: அங்குள்ள வேடர் குலத்தில் வள்ளி வளர்ந்தாள் என்பது தமிழரும் சிங்களரும் ஒருங்கே கொள்ளும் நம்பிக்கை. ஆண்டு விழாவில் ஊர்வலம் முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்கே செல்கிறது. தேவியை நாடி இறைவன் செல்வதாக அமைந்த அவ்வொழுங்கு கதையின் போக்குக்கு முற்றிலும் இசைந்தது.

பெயர் பரவியதற்குப் புராணத்தினும் மேடையே பெருங்காரணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் நாடகம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடைபெறுவது. பரண் மேல் நின்று கவண் வீசி ஆலோலம் பாடும் வள்ளியும், நாரதரோடு அவள் நடத்தும் தர்க்கமும், எழுத்தறியாதாருக்கும் அவளை வாயாடிப் பெண்ணாக, மதிநுட்பமுடையவளாக நெருக்கமாக்கின. விடுதலைப் போராட்ட நாட்களில் பறவையோட்டும் பாட்டை வெள்ளையரை ஓட்டும் பாட்டாக மாற்றிப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தார். 1945-இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ஸ்ரீவள்ளி படம் பெற்ற வெற்றி, நாடக மேடை எட்டாத நகரங்களுக்கும் கதையைக் கொண்டுசென்றது. கொங்கு நாட்டில் வள்ளிக்கும்மி தனி ஆடல் வடிவமாகவே வளர்ந்து, அதன் ஆசான்களுள் ஒருவரான பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைக்கும் அளவுக்கு மறுமலர்ச்சி கண்டுள்ளது. தொல்காப்பியர் பெயர் சொன்ன கூத்துக்கும் இதற்கும் நேர்த்தொடர்ச்சி உண்டு என்று நிறுவ இயலாவிடினும், ஒரே சொல் ஆடலோடு இருமுறை இணைந்தது கருதத்தக்கது.

இன்றைய நகர்ப்புறப் பெற்றோர் வள்ளி என்று மட்டும் பெயரிடத் தயங்கி, முன்னோ பின்னோ ஏதேனும் சேர்ப்பதையே விரும்புகின்றனர். 2021-இல் வெளிவந்த புஷ்பா என்னும் தெலுங்குப் படத்தின் நாயகிக்கு ஸ்ரீவல்லி என்று பெயர். அப்பெயரைக் கொண்ட படப்பாட்டு தமிழகத்திலும் ஒலித்தபின், லகரத்தோடு எழுதுவதா ளகரத்தோடு எழுதுவதா என்னும் பழைய ஐயம் பெயர்ப் பதிவேட்டில் புதிதாக எழுந்தால் வியப்பதற்கில்லை. குறக்குடியின் கிழங்குக் கொடியை நினைந்து இடுவோர்க்கு ளகரமே உரியது.