சான் பிரான்சிஸ்கோ மறுநிர்மாண நினைவுப் பதக்கங்களும் நாணயங்களும்

நிலநடுக்கத்தில் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரம் மீண்டும் எழுந்ததைக் கொண்டாடும் விழாக்களையொட்டி 1909, 1915 ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்டவை இவை. 1906 ஏப்ரல் 18 அதிகாலை 5.12 மணிக்கு ஏற்பட்ட அதிர்ச்சியும், அதையடுத்து நாள்கணக்கில் எரிந்த தீயும் சுமார் 28,000 கட்டடங்களை அழித்தன. ஏறத்தாழ 4 லட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். 1874இல் திறக்கப்பட்ட அரசு நாணயச்சாலை, ஊழியர்கள் முற்றத்துக் கிணற்று நீரை இறைத்துப் பல மணி நேரம் தீயோடு போராடியதால் தப்பியது. நிவாரணப் பணம் அதன் வழியாகவே புழங்கியது.

1909 அக்டோபரில் நடந்த போர்ட்டோலா விழாவே நகரம் மீண்டதை உலகுக்கு அறிவித்த முதல் பெருவிழா. அதற்காக நினைவுப் பதக்கங்கள் விற்கப்பட்டன. 1915இல் நடந்த பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சி இதைவிடப் பன்மடங்கு பெரியது. சுமார் 1 கோடியே 88 லட்சம் பேர் அதைக் கண்டனர். பனாமா கால்வாய்த் திறப்பே அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்றாலும், புதிய நகரைக் காட்டுவதே நகரத்தாரின் ஆவல்.

கண்காட்சியின் அதிகாரபூர்வப் பதக்கத்தை வடித்தவர் அவ்வூரிலேயே பிறந்த சிற்பி ராபர்ட் எய்ட்கன். அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்த ஐந்து நினைவு நாணயங்களில் இரண்டான 50 டாலர் தங்க நாணயங்களும், வட்டமும் எண்கோணமுமாக, அவர் கைவண்ணமே. ஒவ்வொன்றும் சுமார் 83 கிராம், அதாவது பத்துப் பவுனுக்கு மேல். முகப்பில் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவி. பின்புறம் பைன் கிளையில் அமர்ந்த ஆந்தை. எண்கோண வடிவம், தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவில் புழங்கிய எண்கோணத் தங்கக் காசுகளை நினைவூட்டுகிறது. அதன் எட்டு மூலைகளிலும் டால்பின்கள் துள்ளுகின்றன. இவற்றை அடிக்கப் பிலடெல்பியாவிலிருந்து கனரக அச்சு எந்திரம் வரவழைக்கப்பட்டது. தீயில் தப்பிய அதே நாணயச்சாலையில் 1915 ஜூன் 15 அன்று முதல் நாணயம் அடிக்கப்பட்டது.

ஐந்து நாணயங்களில் ஒன்றிலும் நிலநடுக்கத்தைப் பற்றி ஒரு சொல்லோ இடிந்த சுவரோ இல்லை. முதலீட்டாளர்களை ஈர்க்க விரும்பிய நகரம் பேரழிவை மறைத்து வளத்தையே காட்டியது எனக் கருத இடமுண்டு. மாண்டவர்களுக்கு அது செய்த நியாயம் குறைவே.

50 டாலர் நாணயம் 100 டாலருக்கு விற்கப்பட்டதால் வாங்கியோர் சிலரே. எண்கோணத்தில் 645, வட்டத்தில் 483 போக, விற்காதவை உருக்கப்பட்டன. நிலநடுக்கத்தின் நூற்றாண்டான 2006இல் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தின் படம் பொறித்த வெள்ளி, தங்க நாணயங்கள் வெளியாகின. அவற்றின் விலையில் ஒரு பகுதி அக்கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கென ஒதுக்கப்பட்டது.