கூகுளை விட்டு ஓடிடலாமா? - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புலம்பல்

ஒருத்தனைப் பத்தித் தெரிஞ்சுக்க அவன் டைரியைப் படிக்க வேணாம். தேடுபொறியில் என்ன தட்டினான்னு பார்த்தா போதும். டைரியில கூட நாம கொஞ்சம் பந்தா பண்ணுவோம். ராத்திரி பதினோரு மணிக்கு 'இடது பக்கம் நெஞ்சு வலி வாயுவா' என்று தட்டும்போது பந்தாவெல்லாம் கிடையாது. பொண்டாட்டிகிட்ட சொல்லாத விஷயம், டாக்டர்கிட்ட மறைச்ச விஷயம், அடுத்த கம்பெனியில என்ன சம்பளம் தர்றான் என்கிற விஷயம், எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளதான் போகுது.

போனது எங்கே தங்குது? இந்தக் கேள்வி சாமான்ய ஜனங்களுக்கு உறைச்சது 2006 ஆகஸ்டில். அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டுமேன்னு சுமார் ஆறரை லட்சம் பேர் மூணு மாசம் தேடின ரெண்டு கோடி தேடல்களைத் தூக்கி இணையத்தில் போட்டுது. பேரை எடுத்துட்டு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தாங்க. பேர் இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு நினைப்பு. ஒரே வாரத்துக்குள்ள நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், வெறும் தேடல்களை வச்சே ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு வயசான அம்மா வீட்டுக்கதவைத் தட்டிட்டாங்க. ஊர் பேர், சொந்தக்காரங்க குடும்பப் பேர், உடம்பு உபாதை, நாய் பண்ற தொல்லை... இவ்வளவு போதாதா? ஏஓஎல் கோப்பை எடுத்துட்டு மன்னிப்புக் கேட்டுது. அதுக்குள்ள ஊரே நகல் எடுத்து வச்சிருந்தது.

டேட்டாபேஸோட குடும்பம் நடத்துற ஆள் என்கிற முறையில் ஒண்ணு சொல்றேன். பேர் காலத்தை மட்டும் அழிச்சுட்டா யார்னு தெரியாதுன்னு நம்புறவங்க இன்னிக்கும் மீட்டிங்கில் இருக்காங்க. சரி, அது வேற கதை.

அதே 2006ல் இக்ஸ்குவிக் என்ற ஐரோப்பியத் தேடுபொறி, இனி பயனர் விவரத்தை வச்சுக்க மாட்டோம்னு அறிவிச்சது. அதோட வாரிசுதான் இன்னிக்கு இருக்கும் ஸ்டார்ட்பேஜ். நமக்குப் பதிலா அதுவே போய் முடிவுகளை வாங்கிட்டு வந்து கொடுக்கும், நம்ம ஐபி முகவரி அந்தப் பக்கம் போகாது. 2008ல் கேப்ரியல் வைன்பர்க் டக்டக்கோவை ஆரம்பிச்சார். முடிவுகள்ல பெரும்பங்கு மைக்ரோசாப்டின் பிங்கிலிருந்து வரும். விளம்பரமும் உண்டு. ஆனா 'பிரஷர் குக்கர்'னு தட்டினா அந்த வார்த்தைக்குத்தான் விளம்பரம், போன மாசம் நீங்க என்ன தேடினீங்க என்கிற ஜாதகம் பார்த்து இல்லை. 2013 ஜூனில் ஸ்னோடன் அமெரிக்க உளவு வேலையைப் போட்டு உடைச்சதும் இங்கே கூட்டம் எகிறுச்சு.

நம்ம நாட்டுல அதுக்கு ஒரு கண்டமும் வந்துச்சு. 2020 ஜூன் 29ல் அரசு 59 சீனச் செயலிகளைத் தடை பண்ணுச்சு. அந்தப் பட்டியல்ல டக்டக்கோ பேரே இல்லை, அது சீனாவும் இல்லை. இருந்தும் ஜூலை முதல் வாரத்தில் சில நாள் பல இணைய இணைப்புகளில் அது திறக்கவே இல்லை. தேடலை ஒளிச்சு வைக்கலாம். தேடுற இடத்துக்குப் போற வாசல் யார் கையில இருக்கு என்பது வேற விஷயம்.

இப்ப நம்மாளு ஒருத்தர் கதை. ஸ்ரீதர் ராமசாமி. ஐஐடி மெட்ராஸ், அப்புறம் அமெரிக்காவில் டாக்டர் பட்டம். 2003ல் கூகுளில் சேர்ந்தார். அந்த வருஷம் கூகுளின் மொத்த வருமானம் ஒன்றரை பில்லியன் டாலர் கூட முழுசா இல்லை. 2018ல் அவர் வெளியே வரும்போது விளம்பரத்தில் மட்டும் வருஷத்துக்கு 100 பில்லியனுக்கு மேல். அந்த விளம்பரப் பிரிவுக்கே தலைவரா இருந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் 2019ல் விவேக் ரகுநாதனோட சேர்ந்து 'நீவா'ன்னு ஒரு தேடுபொறி ஆரம்பிச்சார். விளம்பரம் கிடையாது, பின்தொடர்தல் கிடையாது, மாசம் 4.95 டாலர் சந்தா. சாராயக் கடை முதலாளியே மதுவிலக்குப் பிரசாரம் பண்ண வந்த மாதிரின்னு கிண்டல் பண்ணலாம். எனக்கென்னவோ அந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு உள்ளே இருந்து பார்த்தவர் சொன்னாத்தான் நம்பத் தோணுது.

2021ல் அமெரிக்காவில் திறந்த நீவா, 2023 ஜூனில் தேடலை மூடிட்டுது. கம்பெனியை ஸ்னோஃப்ளேக் வாங்கிக்கிச்சு (2024லிருந்து அவரே அங்கே சிஇஓ). தோத்ததுக்கு அவங்க சொன்ன காரணம்தான் இந்தக் கதையிலேயே முக்கியம். காசு கொடுக்க வைக்கிறது கூட அவ்வளவு கஷ்டமா இல்லையாம். ஏற்கனவே போனில் இருக்கிற தேடுபொறியை மாத்த வைக்கிறதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம்? விடை அமெரிக்க நீதிமன்றத்தில் வந்துச்சு. குஜராத்தில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா விசாரிச்ச வழக்கு. ஸ்ரீதரும் சாட்சி சொன்னார், வைன்பர்க்கும் சொன்னார். போனிலும் பிரவுசரிலும் தானே முதல்ல உக்கார்ந்திருக்கணும்னு 2021ல் மட்டும் கூகுள் கொடுத்தது 26.3 பில்லியன் டாலர். ஆப்பிளுக்கு மட்டும் 2022ல் 20 பில்லியன். 2024 ஆகஸ்ட் 5ல் இது சட்ட விரோத ஏகபோகம்னு தீர்ப்பு. 2025 செப்டம்பரில் பரிகார உத்தரவு: நான் மட்டுமே இருக்கணும்னு ஒப்பந்தம் போடக்கூடாது, ஆனா காசு கொடுக்கலாம்!

இதெல்லாம் கலிபோர்னியா சமாச்சாரம்னு நினைச்சா தப்பு. எங்க சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு பக்கம் கொஞ்ச தூரம் போனா மகிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே 2022ல் பெகாட்ரான் ஐபோன் ஆலை திறந்தது, 2025 ஜனவரியில் அதுல 60 சதவீதத்தை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கிச்சு. எதிர்ப்பக்கம் ஒரகடம் ரோட்டில் போய் ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான். காலையில கம்பெனி பஸ்ஸில் போற பொண்ணுங்க கையால தயாராகுற போனில், யாரும் தொடுறதுக்கு முன்னாடியே தேடுபொறி இன்னதுன்னு முடிவாகிடுது. அந்த முடிவோட விலைதான் மேலே சொன்ன 20 பில்லியன்.

ஆண்ட்ராய்டு விஷயத்தில் நம்ம ஊர்லயும் அசைஞ்சது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. அதைத் தொடர்ந்து 2023 ஜனவரியில், புதுப் போனை முதல்முறை திறக்கும்போது தேடுபொறியை நாமே தேர்ந்தெடுக்கிற திரை இந்தியாவில் வரும்னு கூகுள் அறிவிச்சது. பழைய போனிலும் பிரவுசர் செட்டிங்ஸ்ல 'தேடுபொறி'ன்னு ஒரு வரி இருக்கும், மாத்த அரை நிமிஷம்.

என் கணக்கு இதுதான். உடம்பு, பணம், வேலை சம்பந்தமானது எல்லாம் டக்டக்கோ. கூகுள் முடிவுதான் வேணும்னா ஸ்டார்ட்பேஜ். தமிழ்ல எதாவது பழைய விஷயம் தேடணும், இல்ல மறைமலைநகர்ல எந்த மெடிக்கல் ஷாப் திறந்திருக்குன்னு பார்க்கணும்னா கூகுள்தான், அதுல மத்ததெல்லாம் திணறுது. இன்னொண்ணு, தேடுபொறியை மாத்தினா தேடல்தான் மறையும். அப்புறம் எந்தத் தளத்துக்குள்ள போறீங்க என்பது இணைப்பு கொடுக்கிறவனுக்குத் தெரியும், அந்தத் தளத்துக்கும் தெரியும்.

போன மாசம் அம்மா போனிலும் மாத்தி வச்சேன். "என்னடா, வாத்து படம் வருது"ன்னு கேட்டாங்க. முருங்கைக்கீரை சூப் செய்முறை கிடைச்சுதான்னேன். கிடைச்சுதாம். வாத்து அப்படியே இருக்கு.