ஆணியின்றிப் பற்றும் சக்கரம்

புகைவண்டிச் சக்கரம் தன் அச்சினைப் பற்றி நிற்குமிடத்தில் ஆணியுமில்லை, ஆப்புமில்லை, பசையுமில்லை. எனினும் பல டன் சுமையைத் தாங்கி நெடுந்தொலை ஓடியும் அது கழல்வதில்லை. இஃது எங்ஙனம் நிகழ்கின்றதென்பதை நம் சங்கத்து அன்பர்கள், சிறப்பாகத் தொழிற்கல்வி பயிலும் இளைஞர்கள், அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதலானேன்.

சக்கரத்தின் துளையை அச்சின் தடிப்பினும் சிறிது குறைவாகக் கடைந்து, பெரும்பலங்கொண்டு அழுத்தி ஏற்றுவர். அன்றேல், புறத்திலுள்ள பொருளைக் காய்ச்சி விரியச்செய்து, மாட்டிக் குளிரவிடுவர். இப்பின்னைய முறை நமக்குப் புதிதன்று. கட்டைவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டையைக் கனல வைத்து மாட்டி நீர் ஊற்றுங் காட்சியைக் கண்டிராத கிராமத்தார் முன்னாளில் அரியர். பட்டை சுருங்கச் சுருங்க வட்டைகளும் ஆரக்கால்களும் இறுகும்.

மேனாட்டு இருப்புப்பாதையார் முற்காலத்தில் இப்பிடியொன்றையே நம்ப அஞ்சிச் சக்கரத்தின் மேலிட்ட வளையத்தைத் தறையாணிகளாலும் பிணித்தனர். ஆணி காவலாகுமென்பது அவர் எண்ணம். உண்மையில் ஆணித்துளையே வளையத்தின் வலிவைக் குன்றச்செய்து வெடிப்புக்கு இடந்தந்தது. 1874-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு வடக்கே ஷிப்டன் என்னும் ஊரருகில், இங்ஙனம் ஆணியடித்த பழைய சக்கரமொன்றின் வளையம் ஓட்டத்திலேயே முறிந்தது. எஞ்சின் ஓட்டுவோர் அபாயமுணர்ந்து வேகத்தைத் தடுக்கவே, பின்வண்டிகள் நெருக்கி ஊனமுற்ற வண்டியை நொறுக்கின. பண்டிகைக்கு ஊர் சென்றவருள் 34 பேர் மாண்டனர். அம்முறை தீதென்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. தெரிந்தும் பழைய சக்கரங்களை ஓட்டினமையே வருந்தத்தக்கது.

ஆணி நீங்கிய பின் எஞ்சுவது பிடி ஒன்றே. அப்பிடியின் வலிவோ, அழுத்தம், தொடும் பரப்பு, உராய்வு என்னும் மூன்றினாலும் அமைவது. உராய்வு வேண்டுமெனின் பரப்பு கரடாயிருத்தலே நன்றன்றோ எனப் பலர் வினவுவர். இவ்வினா நேரியதே, ஆயினும் விடை அவர் எண்ணுமாறன்று.

கடைந்த இரும்பு கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தோன்றினும், நுணுகி நோக்கின் மலையும் மடுவுமாய்க் கிடக்கும். அமெரிக்காவில் அப்பட் என்பார் 1933-க்கு அணித்தான ஆண்டுகளிலும், இங்கிலாந்தில் டெய்லர் ஹாப்சன் தொழிலகத்தார் 1941-லும், நுண்ணிய ஊசியைப் பரப்பின்மீது இழுத்து அம்மேடுபள்ளங்களை அளக்கும் கருவிகளைச் செய்தளித்தனர். அதுவரை பெரும்பாலும் கைவிரலும் நகமுமே அளவுகோல்.

அச்சை அழுத்தி ஏற்றுங்கால் இம்மேடுகள் நசுங்கும். நசுங்கவே, துளைக்கும் அச்சுக்கும் முன் வைத்த அளவு வேற்றுமையில் ஒரு பங்கு வீணாகும். இரு பரப்புகளின் மேட்டுயரங்களையும் கூட்டிப் பத்தில் எட்டுப் பங்கைக் கழித்துவிடுக என்பது ஜெர்மானியர் கையாண்ட கணக்கு. 200 மில்லிமீட்டர் தடிப்புள்ள அச்சில் வேற்றுமை 200 மைக்ரான் என்க. அஃதாவது மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு. மேடுகள் பக்கத்திற்குப் பத்து மைக்ரான் ஆயின், இழப்பு 16, எஞ்சுவது 184. குறை பெரிதன்று. அதே கரடு 20 மில்லிமீட்டர்த் தண்டில் இருப்பின், வேற்றுமை 20 மைக்ரானில் 16 போய் நான்கே நிற்கும். பிடி பெயரளவிற்றாய் முடியும். பெரிய அச்சுக்குப் பொறுக்கலாகும் கரடு சிறிய தண்டைக் கெடுக்கின்றது.

அங்ஙனமாயின் மெருகிட்டுவிடலாமே எனின், அதுவும் ஓரளவுக்கே. மிக்க வழவழப்பில் எண்ணெய் தங்க இடமில்லை. ஏற்றும்போது இரும்பு இரும்பைக் கிழித்துவிடும். காய்ச்சி மாட்டுவதிலோ மேடுகள் உழப்படாமல் ஒன்றனுள் ஒன்று படிவதால், அதே அளவு வேற்றுமைக்குப் பிடி மிகுதல் உண்டு. நம் கொல்லர் காய்ச்சி மாட்டுவதையே கைக்கொண்டமை பாராட்டத்தக்கது.

சக்கரம் ஏற்றும் தொழிற்சாலைகளில், அழுத்தம் படிப்படியாக உயர்வதை ஒரு கோடாக வரைந்து பதிவுசெய்வர். கோடு சீராக ஏறவேண்டும். இடையில் திடீரென வீழ்ந்தால் அச்சக்கரத்தைத் தள்ளிவிடுவர்.

1998-ம் ஆண்டு ஜூன் 3-ம் நாள் ஜெர்மனியில் எஷெடே என்னுமிடத்தில், அதிர்வு குறையும் பொருட்டு ரப்பர் இட்டு வளையம் பொருத்திய சக்கரமொன்றில் அவ்வளையம் சோர்ந்து முறிய, 101 பேர் இறந்தனர். பின்னர் அவ்வகை வண்டிகளுக்கு ஒரே துண்டாகிய முழுச்சக்கரங்களையே பூட்டினர். வளையம் போயிற்று. அச்சும் சக்கரமும் கூடுமிடத்திலோ பழைய பிடியே இன்றும் உள்ளது. அப்பரப்பின் கரடு எவ்வளவு இருக்கலாமென்பதையும் வரைபடத்தில் எண்ணாகவே குறித்து வைக்கின்றனர்.